இரண்டு விரல் குறைவு

பாரிசின் லா ஷப்பலில் குணரத்தினத்தின் சலூனில் அந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவையாவது எழும். கேட்பது அநேகமாகக் குணரத்தினமேதான். கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்தி, கண்ணாடி வழியாகப் பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் யேசுரட்ணத்தைப் பார்ப்பார்.

“ரட்ணம் அண்ணை, நீங்கள் கிட்ட நிண்டனீங்கள். அண்டைக்கு எவ்வளவு குறைஞ்சது?”

யேசுரட்ணம் வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் படுக்கையாகப் பிடித்துக் காட்டுவார். வாய் திறக்கமாட்டார்.

“இரண்டு விரல்,” என்று கதிரையில் இருப்பவருக்குக் குணரத்தினம் விளக்குவார். “இரண்டு விரல் தள்ளியிருந்தா பொடியன் பைனல். தள்ளேல்லை. வகுப்பிலை முதலாம் பிள்ளை, சோதினையிலை முட்டை. அதுதான் எங்கடை செமி.”

செமி என்பது யூலியன். அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடியவன். அரையிறுதிக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் தோற்றதால் வந்த பெயர். சலூனில் அந்த ஆட்டத்தை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை, யேசுரட்ணத்தைத் தவிர. அதனால்தான் அவரிடம் கேட்பார்கள்.

யேசுரட்ணம் மன்னார்ப் பக்கம் பேசாலையில் மீன்பிடி வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. தொண்ணூற்றொன்றில் பாரிசுக்கு வந்தார். ஒபர்வில்லியேயில் துணி மொத்தமாக விற்கும் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. மனைவி அற்புதராணி இரண்டாயிரத்தாறில் சிறுநீரகம் கெட்டு இறந்தாள். பிள்ளைகள் இல்லை. ரூ பஜோலுக்கு அடுத்த தெருவில், நான்காம் மாடியில் ஓர் அறை. கிழமை நாட்களைப் பெட்டிகள் விழுங்கிவிடும். ஞாயிறுதான் அசையாது. பூசை பதினொன்றரைக்கு முடியும். அதற்குப் பிறகு திங்கள் காலை வரை நேரம் ஈரச் சாக்கு மாதிரிக் கிடக்கும்.

இரண்டாயிரத்தொன்பதில் கூட வேலைசெய்த மார்த்தினிக் தீவுக்காரன் ஒருவன் ஞாயிறு பகலில் சும்மாதானே இருக்கிறாய் என்று கேட்டான். அவனுடைய தம்பி ஆடும் கழகத்துக்குச் சங்கிலி பிடிக்க ஓர் ஆள் தேவை. ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூப்பிடும் இடத்துக்கு நடந்தால் போதும். யேசுரட்ணம் போனார். ஒபர்வில்லியேக்கும் அப்பால், பெயர் சொன்னால் பாரிசில் பாதிப்பேருக்குத் தெரியாத ஒரு புறநகர். இரண்டாம் பிரிவுக் கழகம். மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி, ஒரு பக்கம் மட்டும் நான்கு படி மரவாங்கு.

முதல் வருடம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைக்கவசம் போட்டவர்கள் முட்டிமோதி விழுவார்கள், எழும்புவார்கள், நிற்பார்கள், கதைப்பார்கள், மறுபடி விழுவார்கள். சங்கிலி மட்டும் விளங்கியது. பந்து வைத்திருக்கும் அணி நான்கு தடவைக்குள் பத்து யார், ஏறக்குறைய ஒன்பது மீற்றர், முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு தடவை கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து மற்றவர்களுக்குப் போய்விடும். பத்து யார் நீளச் சங்கிலி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பு. பின்கம்பைத் தொடங்கிய இடத்துக்கு நேரே மைதான ஓரத்தில் ஊன்றுவார்கள். முன்கம்பு எட்ட வேண்டிய இடத்தைக் காட்டும். நெருக்கமாக வந்தால், சங்கிலியை உள்ளே கொண்டுபோய் அளப்பார்கள். ஓரத்தில் நின்ற சங்கிலியை அதே இடத்தில் உள்ளே வைக்க ஓர் அடையாளம் வேண்டும். மைதானத்தில் ஐந்து யாருக்கு ஒரு வெள்ளைக்கோடு. சங்கிலி அந்தக் கோட்டைக் கடக்கும் வளையத்தில் ஓர் இரும்புக் கிளிப்பைக் கவ்வ வைப்பார்கள். அந்தக் கிளிப்தான் யேசுரட்ணத்தின் பொறுப்பு.

இரண்டாம் வருடம் கிளிப் தொலைந்தது. கழகம் புதிது வாங்குகிறோம் என்றது. யேசுரட்ணம் வேண்டாம் என்றார். களஞ்சியத்தில் பொதி கட்டும் நைலோன் நூலில் ஒரு முழம் கொண்டுவந்து சங்கிலியில் முடிச்சுப் போட்டார். தள்ளினால் நகரும், இழுத்தால் இறுகும் முடிச்சு. தலைமை நடுவர் அதைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். நான்கு வருடம் அது நழுவவில்லை. அந்த நாட்டில் யேசுரட்ணம் பெருமைப்பட்ட ஒரே பொருள் அந்த முடிச்சாக இருந்திருக்கலாம். பெட்டி ஏற்றுவதில் பெருமைப்பட என்ன இருக்கிறது.

யூலியன் தமிழன் என்று அவருக்குத் தெரியவந்தது இரண்டாயிரத்துப் பதினொன்றில். அணியின் குவாட்டர்பேக் அவன். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று செக்கனில் அவன்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நூறு கிலோ ஆட்கள் நாலுபேர் அவன்மேல் பாய்ந்துகொண்டிருப்பார்கள். அப்படி ஒருநாள் சங்கிலிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தவனின் தலைக்கவசத்துக்குள்ளிருந்து “ஐயோ அம்மா” என்று சத்தம் வந்தது.

“தம்பி, எந்த இடம்?” என்று யேசுரட்ணம் கேட்டார்.

கிடந்தபடியே அவன் பார்த்தான். “அம்மா மன்னார். நான் இஞ்சைதான்.”

அதன்பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் சங்கிலியடிக்கு வருவான். கையுறை போட்ட விரலால் முடிச்சை ஒரு தட்டுத் தட்டுவான்.

“மாமா, முடிச்சு சரியே?”

“ஓம்.”

அவ்வளவுதான் பேச்சு. ஞாயிறுகளில் யேசுரட்ணத்தை ‘மாமா’ என்று கூப்பிட வேறு ஆள் இருக்கவில்லை.

நான்கு பருவங்கள். பருவத்துக்குப் பத்து ஆட்டம், நாற்பதில் முப்பத்து மூன்றை யூலியன் வென்றான். பெப்ரவரிச் சேற்றில் வென்றான், ஏப்ரல் காற்றில் வென்றான். ஜூன் வந்தால் தோற்றான். ஜூனில்தான் தோற்றவன் வீட்டுக்குப் போகும் ஆட்டங்கள். முதல் வருடம் காலிறுதி. பிறகு இரண்டு அரையிறுதி. காலிறுதியில் அவன் எறிந்த பந்து பிடிப்பவனின் இரண்டு உள்ளங்கையிலும் பட்டு எகிறி எதிரியிடம் போனது. அடுத்ததில் அவனைக் காக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் காயப்பட்டு வாங்கில் இருந்தார்கள், அவன் ஒன்பது தடவை நிலத்தில் விழுத்தப்பட்டான். மூன்றாவதில் அவனே பிழைவிட்டான், வெறுமையாக நின்ற ஆளைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் எறிந்தான். ஒவ்வொன்றையும் யேசுரட்ணம் ஓரத்திலிருந்து பார்த்தார். ஆனால் கழகத்தின் தகவல் பலகையில் இருந்தது தோல்வி, தோல்வி, தோல்வி என்பது மட்டும்.

நான்காவது ஜூன், இரண்டாயிரத்துப் பதினான்கு, மறுபடி அரையிறுதி. சொந்த மைதானம். காலையிலிருந்து மழை. கடைசி இரண்டு நிமிடம், மூன்று புள்ளி பின்னால். நான்காவது தடவை, ஒரு யார் வேண்டும். யூலியன் பந்தை யாரிடமும் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து தானே குவியலுக்குள் புகுந்தான். ஆட்களை ஒவ்வொருவராக இழுத்து எடுத்தபோது பந்து அவன் வயிற்றுக்குக் கீழே இருந்தது. எட்டியதா இல்லையா தெரியவில்லை. தலைமை நடுவர் அளக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

விதிப்படி முடிச்சைப் பக்க நடுவர்தான் பிடித்து உள்ளே கொண்டுவர வேண்டும். அவர் யேசுரட்ணத்தை ஐந்து வருடமாக அறிந்தவர். நீயே பிடி என்று விட்டார். யேசுரட்ணம் முடிச்சைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினார். கம்புக்காரர்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். பாதி வழியில் சப்பாத்து வழுக்கியது. விழவில்லை. ஆனால் விரலுக்குள் நூல் ஈரச் சங்கிலியில் ஒரு வளையம் பின்னால் போனதை அவர் உணர்ந்தார். பின்னால் போனால் முன்கம்பு அந்தளவு முன்னால் போய் நிற்கும். அது அவருக்குத் தெரியும்.

தலைமை நடுவர் கோட்டைக் காட்டினார். யேசுரட்ணம் முடிச்சைக் கோட்டில் வைத்தார்.

“சரியா?” என்று நடுவர் பிரெஞ்சில் கேட்டார்.

மரவாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். யூலியன் தலைக்கவசத்தைக் கழற்றி முழங்காலில் இருந்தான். முடிச்சு நழுவிவிட்டது என்று சொல்ல வேண்டும். நான்கு வருடம் கிளிப் வேண்டாம் என்று சொன்ன வாயால் சொல்ல வேண்டும். ஒரு வளையம் என்ன செய்யப்போகிறது என்று நினைத்தார்.

“சரி,” என்றார்.

சங்கிலியை இழுத்துப் பிடித்தார்கள். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் வெளி. சங்கிலியின் ஒரு வளையம் மூன்று விரல்.

மறுகிழமை யேசுரட்ணம் தன் கைக்காசில் இரும்புக் கிளிப் ஒன்று வாங்கிச் சங்கிலியில் மாட்டினார். ஏன் என்று கழகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த பருவத்துக்குக் கழகம் அமெரிக்காவிலிருந்து ஒரு குவாட்டர்பேக்கைக் கூட்டிவந்தது. யூலியன் ஒரு வருடம் வாங்கில் இருந்துவிட்டு விலகினான். அமெரிக்கன் அவனைவிடத் திறம் என்று யேசுரட்ணத்துக்குத் தோன்றவில்லை. பத்தில் ஆறைத்தான் வென்றான். ஆனால் இரண்டாயிரத்துப் பதினாறு இறுதியாட்டத்தில் எதிரணிக்காரன் கடைசியாக உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே திரும்பியதால் கழகம் வென்றது. அந்த நேரத்தில் அமெரிக்கன் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் படம் கழகக் கட்டடத்தின் சுவரில் தொங்குகிறது, கீழே ‘பெரிய ஆட்டங்களின் மனிதன்’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த பருவம் யேசுரட்ணம் முழங்கால் வலி என்று சொல்லிச் சங்கிலியைக் கொடுத்துவிட்டார். ஞாயிறு பழையபடி வந்து அறைக்குள் உட்கார்ந்துகொண்டது.

யூலியன் பஸ் ஓட்டப் போனான். ஒபர்வில்லியேயிலிருந்து லா ஷப்பல் பக்கம் வரும் வழி. களஞ்சியம் விட்டு யேசுரட்ணம் வீட்டுக்கு வருவதும் அதே பஸ்ஸில்தான். தூரத்திலேயே முன்கண்ணாடியைப் பார்ப்பார். ஓட்டுவது யூலியன் என்றால் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக் கட்டத் தொடங்குவார். பஸ் நின்று, கதவு திறந்து, மூடி, போகும்வரை கட்டுவார். பிறகு அடுத்த பஸ். மூன்று வருடம் இப்படிப் போனது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை யேசுரட்ணம் சலூனில் முறைக்காகக் காத்திருந்தபோது யூலியன் மகளோடு வந்தான். சுஜானிக்கு ஐந்து வயது. குணரத்தினம் கண்ணாடியில் அவனைக் கண்டார்.

“வாங்கோ செமி, வாங்கோ. இரண்டு பேர் முன்னுக்கு இருக்கினம். அரைவாசி தூரம் வந்திட்டியள், பொறுங்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். யூலியனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பழகியிருந்தது.

“அப்பா, செமி யார்?” என்று பிள்ளை பிரெஞ்சில் கேட்டாள்.

“நான்தான்.”

“ஏன் உனக்கு அந்தப் பெயர்?”

“முடிக்காமல் வந்தவன் என்று அர்த்தம்,” என்று அவனும் பிரெஞ்சிலேயே சொன்னான். பிள்ளை அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு கதிரையைச் சுழற்றப் போனாள்.

“ரட்ணம் அண்ணை இருக்கிறார்,” என்றார் குணரத்தினம். “சாட்சி இருக்குது. எவ்வளவு அண்ணை?”

யேசுரட்ணம் எழும்பினார். அடுப்பை அணைக்க மறந்துவிட்டவர் மாதிரி வெளியே நடந்தார். அவர் வீட்டில் காலையிலிருந்து அடுப்பு மூட்டவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை யூலியனின் பஸ் வந்தபோது அவர் குனியவில்லை. முன்கதவால் ஏறினார்.

“இண்டைக்குச் சப்பாத்து நூல் அவிழேல்லையோ மாமா?” என்றான் யூலியன், ரோட்டைப் பார்த்தபடி.

யேசுரட்ணத்துக்குக் காது சுட்டது. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். லா ஷப்பலில் இறங்கவில்லை. கடைசித் தரிப்பில் எல்லாரும் இறங்கிய பிறகும் இருந்தார். யூலியன் இயந்திரத்தை நிறுத்தி, தன் சிறு கதவைத் திறந்து, உடம்பைத் திருப்பினான்.

“ஏழு நிமிசம் இருக்கு,” என்றான்.

யேசுரட்ணம் சொன்னார். மழை, சேறு, விரலுக்குள் நகர்ந்த வளையம், நடுவர் கேட்டது, தான் சொன்னது. ஐந்து வருடமாக மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்ததால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அது வந்திருக்கும் தம்பி. நீ எட்டினனீ.”

யூலியன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

“நீங்கள் கிளிப் வாங்கினனீங்கள்,” என்றான் கடைசியில். “அடுத்த வருசம் நான் வாங்கிலை இருந்து பாத்தனான். முடிச்சு எங்கை மாமா எண்டு கேட்டனான். நூல் பழசாப் போச்சு எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“நீங்கள் பொய் சொல்லேக்கை கீழை பாப்பியள். எனக்குக் கொஞ்சம் விளங்கினது.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டா நீங்கள் சொல்லியிருப்பியள்.”

வெளியே யாரோ கண்ணாடிக் கதவில் தட்டினார்கள். யூலியன் விரலைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான்.

“அந்த ஒண்டு மட்டுமில்லை,” என்று யேசுரட்ணம் அவசரப்பட்டார். “மற்றதுகளும் உன்ரை பிழையில்லை. முதல் வருசம் பிடிக்கிறவன் கைவிட்டவன். பேந்து உனக்கு முன்னாலை நிக்க ஆளில்லை. ஒன்பது தரம் விழுத்தினவங்கள். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். பதினொரு பேர் விளையாடுற விளையாட்டிலை ஒருத்தனைப் பிடிச்சு நீ தோத்தனீ எண்டுறது என்ன நியாயம்?”

“அப்ப வென்ற முப்பத்து மூண்டும்?”

“அது...”

“அதுவும் என்ரை இல்லைத்தானே. பிடிக்கிறவன் பிடிச்சவன். முன்னாலை நிண்டவன் நிண்டவன்.” அவன் கோபமாகச் சொல்லவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வது போலிருந்தது. “நீங்கள் தோல்வியை எடுத்தா வெற்றியையும் எடுக்கவேணும் மாமா. எனக்கு ஒண்டும் மிஞ்சாது. மூண்டாவதுக்கு என்ன சொல்லப்போறியள்?”

“அது நீ பிழையா எறிஞ்சனீ.”

“ஓம்,” என்றான் யூலியன். முதன்முறையாக அவன் முகம் கொஞ்சம் இளகியது. “அது நான்தான்.”

இரண்டு நிமிடம் இருந்தது. யேசுரட்ணம் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, “நான் சலூனிலை சொல்லுறன்,” என்றார். “சனிக்கிழமை எல்லாரும் நிக்கேக்கை சொல்லுறன். அந்தப் பெயரை இனி ஒருத்தனும் சொல்லமாட்டான்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“சொன்னா என்ன நடக்கும்? குணரத்தினம் அங்கிள் ‘பாவம் பொடியன்’ எண்டுவார். எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம் எண்டு தலையாட்டுவினம். செமி எண்டு சொன்னா நான் சிரிச்சிட்டுப் போகலாம். பாவம் எண்டா என்ன செய்யிறது?” அவன் இயந்திரத்தை இயக்கினான். “அதோடை, உங்களையும் விடமாட்டாங்கள். அவங்களுக்கு இன்னும் பத்து வருசத்துக்குக் கதைக்கக் காணும்.”

“என்னை விடு தம்பி.”

“சொல்லாதேங்கோ மாமா. எனக்குச் சொல்லிட்டியள். அது போதும்.”

கதவு திறந்தது. ஆட்கள் ஏறினார்கள். யேசுரட்ணம் ஓட்டுநருக்குப் பின் இருக்கையிலேயே இருந்தார். பஸ் லா ஷப்பலுக்குத் திரும்பி வந்தது. இறங்கும்போது “மன்னிச்சுக்கொள்ளு” என்று சொல்ல நினைத்தார். பின்னால் ஒரு பெண் தள்ளுவண்டியோடு நின்றாள். வழிவிட வேண்டியிருந்தது. இறங்கிவிட்டார்.

அன்று அறைக்குப் போய் வெகுநேரம் கட்டிலில் இருந்தார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அங்கே குருவானவர் பரிகாரமாக ஏதாவது செய்யச் சொல்லுவார், பத்து மந்திரம், ஒரு செபமாலை. யூலியன் ஒன்றும் தரவில்லை. தந்தது வாயை மூடிக்கொள்ளச் சொன்ன ஒரு சொல். இத்தனை வருடம் பயத்தில் மூடியிருந்த வாயை இனி அவனுக்காக மூட வேண்டும். இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அதன்பிறகு அவர் யூலியனின் பஸ்ஸை விடுவதில்லை. ஏறும்போது “மாமா” என்பான், “ஓம்” என்பார். பயணிகள் ஓட்டுநரோடு கதைக்கக் கூடாது என்று தலைக்குமேல் ஒரு பலகை இருந்தது. இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

டிசம்பரில், நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை சலூன் நிரம்பியிருந்தது. கதிரையில் யூலியன். கழுத்தைச் சுற்றி வெள்ளைத்துணி. பின்வாங்கில் கதவோரம் யேசுரட்ணம். ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் செமி என்றால் என்ன கதை என்று கேட்டுவிட்டார். குணரத்தினத்துக்கு அதைவிட என்ன வேண்டும். முதலிலிருந்து சொன்னார். நாற்பது, முப்பத்து மூன்று, முதலாம் பிள்ளை, முட்டை. மழையைப் பற்றிச் சொன்னார். சங்கிலியைப் பற்றிச் சொன்னார். கத்தரிக்கோலை நிறுத்தினார்.

“இந்தா இருக்கிறார், அளந்த மனிசன். எவ்வளவு அண்ணை குறைஞ்சது?”

கண்ணாடிக்குள் யூலியனின் கண்கள் அவர்மேல் இருந்தன. வேறு எல்லோருடைய கண்களும்.

யேசுரட்ணம் கையை உயர்த்தினார். இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். மூன்றாவது விரல் தானாகவே கூட வரப் பார்த்தது, அதை மடித்தார்.

“இரண்டு விரல்,” என்றார் குணரத்தினம்.

யூலியன் தலையைக் குனிந்து, பிடரியை மெஷினுக்குக் கொடுத்தான்.